ஓர் எண் தள்ளி

இதுவும் உதவாது போலிருக்கிறது. எட்டாம் சங்கீதம் வரைக்கும் ஏறக்குறைய ஒழுங்கு, அங்கங்கே ஒரு வசனம் கூடுதல், அது போகட்டும், ஒன்பதில் தொடங்குகிறது வினை, அங்கிருந்து திரை முழுக்கச் சிவப்பு, கடைசி மூன்றுக்கு வந்ததும் திரும்பப் பச்சை. நான் எழுதிய சோதனை நிரல் ஒன்றும் பெரிய மூளைக்காரன் இல்லை, நம்ம வேதாகமத்தில் இந்தச் சங்கீதத்துக்கு இத்தனை வசனம், இந்தக் கோப்பில் இத்தனை, பொருந்துகிறதா என்று எண்ணிப் பார்த்து நிறம் காட்டும், அவ்வளவுதான். எவனோ கூறுகெட்டவன் தூக்கக் கலக்கத்தில் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறான். பெயர் கிடையாது, எந்தக் காலத்துப் பாடம் என்று கிடையாது, 'உரிமை யாருக்கும் இல்லை, யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று மட்டும் பெரிய மனசோடு தலைப்பில் எழுதி வைத்திருக்கிறான். சும்மா கிடைக்கிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், பார்க்காமல் என்ன செய்ய, நாளைக்கு ஒரு பெரிய மனுஷி கைபேசியில் எண்ணைத் தட்டிவிட்டுக் காது கொடுத்துக் காத்திருப்பாள், அவள் கேட்ட சங்கீதம் வராமல் வேறொன்று வந்து நின்றால் நம்மையல்லவா ஏசுவாள். மின்விசிறி டக் டக் என்கிறது. மத்தியானம் சாப்பிட்ட ரசம் இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. தட்டைக் கழுவவில்லை.

இந்த வேலையை என் தலையில் கட்டினவன் ஜெனிஸ்டன், பாலிடெக்னிக்கில் என்னிடம் கம்ப்யூட்டர் படித்தவன், இப்போது பெங்களூரில் இருக்கிறான். என் மனைவி செலஸ்டினா போன பிறகு நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று யாரோ அவனிடம் வத்தி வைத்திருக்கிறார்கள். 'சார், சும்மா இருக்காதீங்க, வயசானவங்களுக்கு ஒரு வேதாகமச் செயலி பண்ணுவோம், எழுத்து பெருசா, வாசிச்சும் காட்டணும், காசு கிடையாது' என்றான். நிரல் எழுதுவது ஒரு பெரிய காரியம் இல்லை. உள்ளே போட வேதாகமப் பாடம்தான் கிடைக்கவில்லை. புதிதாக வந்த மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் காப்புரிமைப் பூட்டு, எழுதிக் கேட்டால் பரிசீலிக்கிறோம் என்கிறார்கள், பரிசீலித்துக்கொண்டே இருக்கிறார்கள், ஒரு இடத்தில் செயலியில் காண்பிக்கலாம், ஆனால் வாசித்துக் காட்டக் கூடாது என்கிறான், அடேய், கண் தெரியாதவனுக்குக் காண்பித்து என்னடா செய்ய. பூட்டு இல்லாதது என்றால் பழசு, பழசு என்றால் தட்டச்சுப் பிழை, பாதி அதிகாரம் காணோம், எழுத்துரு எல்லாம் கட்டம் கட்டமாக நிற்கும். ஒரு கோப்பில் யோபுவுக்குள் பாதி நீதிமொழி புகுந்திருந்தது. தாவீதுக்கு இவ்வளவு எதிரி இருந்திருக்க மாட்டார்கள். நல்லவேளை, நான் ஒன்றையும் வாசிப்பது இல்லை. எண்ணுவேன், அவ்வளவுதான். அதிகாரம் எத்தனை, வசனம் எத்தனை, பச்சையா சிவப்பா. ஜெனிஸ்டனுக்கு இது தெரியாது, சார் முழுசும் வாசித்துச் சரிபார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், நினைக்கட்டும். சங்கீதம் என்ற ஒரு புத்தகத்தை மட்டும் நான் விரித்துப் பார்ப்பதே இல்லை. ஆஸ்பத்திரியில் அந்த மூன்று சாயங்காலத்துக்குப் பிறகு என்னால் முடியவில்லை.

அவள் அதை ஏன் கேட்டாள். இது ஒன்றுதான், வேறு ஒன்றும் இல்லை, காலையில் பல் விளக்கும்போதும் இதுதான், கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்கும்போதும் இதுதான். சாகப்போகிறவள், அது அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், நூற்றைம்பது சங்கீதம் இருக்கிறது, ஆறுதலுக்குப் பஞ்சமா, அதையெல்லாம் விட்டுவிட்டு இருபத்திரண்டை ஏன் கேட்டாள். சிறுபிள்ளைக்குக்கூடத் தெரியும் அது என்ன சங்கீதம் என்று. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் வாசிப்பது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று ஒருத்தன் கதறுகிற சங்கீதம், இரவும் பகலும் கூப்பிடுகிறேன் பதிலே இல்லை என்கிறவன், நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டவன், எலும்பை எண்ணிப் பார்க்கலாம் என்கிற அளவுக்கு உருகிப்போனவன். அவளும் அப்படித்தான் கிடந்தாள். தொண்டையில் குழாய், பேச்சு இல்லை, உதடு வெடித்து, பஞ்சில் தண்ணீர் நனைத்து நனைத்து வைத்துக்கொண்டிருந்தேன். வலது கையில் ஊசி. இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினாள், கையை இறக்கினாள், மறுபடியும் தூக்கி இரண்டு விரல். ரெண்டு மாத்திரையா என்றேன், இல்லை, ரெண்டு தலையணையா, இல்லை, என் கைபேசியைப் பார்த்தாள், வெளிநாட்டில் இருக்கிற மகளுக்குப் போன் போடவா, இல்லை, பிறகு கண்ணை மூடி உதட்டை அசைத்தாள், ராத்திரி ஜெபத்தில் அசைப்பதுபோல, அப்போதுதான் பிடிகிடைத்தது, சங்கீதமா, ஆமாம் என்று கண்ணால் சொன்னாள், இருபத்திரண்டா, ஆமாம். அந்த 'ஆமாம்'ஐ எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்.

நான் வாசித்தேன். கைபேசியில் எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோயிலில் முதலாம் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தேன், என் குரலைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு கெத்து உண்டு. முதல் அடியிலேயே அவள் கண்ணைத் திறந்தாள். தலையை அசைத்தாள், அந்தக் குழாயோடு எவ்வளவு அசைக்க முடியுமோ அவ்வளவு. நிறுத்தினேன். தாங்க முடியலையா, வேண்டாமா என்றேன். திரும்பவும் இரண்டு விரல், இரண்டு விரல். சரி, வேண்டும் என்கிறாள், ஆனால் தாங்க முடியவில்லை, அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், கடைசி வசனம் வரைக்கும் வாசித்தேன், அவள் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, துடைத்துவிட்டேன். மறுநாள் சாயங்காலமும் அதே விரல். அதே சங்கீதம். அதே அழுகை. மூன்றாம் நாள் விரலைத் தூக்கக்கூட வலு இல்லை, நானே, உனக்கு உன் சங்கீதத்தை வாசிக்கிறேன் என்று சொல்லி வாசித்தேன், அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வாசித்து முடித்ததும் என் சுண்டுவிரலைப் பிடித்து இரண்டு முறை அழுத்தினாள். விடியுமுன் போய்விட்டாள். அடக்கத்தன்று எங்கள் சபைப் போதகர் ஐயர் நல்ல போராட்டத்தைப் போராடினாள், விசுவாசத்தைக் காத்துக்கொண்டாள் என்றெல்லாம் பிரசங்கம் பண்ணினார், எனக்குக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை, ஐயரே, அவள் கடைசியில் கடவுள் கைவிட்டுவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனவள், என் வாயாலேயே அதைச் சொல்ல வைத்தவள், அது உமக்குத் தெரியாது. கடவுள் மட்டுமா, அந்தச் சங்கீதத்தில் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தனோ. அவளை நெஞ்சு டாக்டரிடம் இன்னும் முன்னாடியே கூட்டிப்போயிருக்கலாமோ, இருமல்தானே இருமல்தானே என்று நான்தானே சொன்னேன். இப்போது கோயிலில் திருவிருந்துக்கு, அப்பமும் திராட்சரசமும் வாங்க, மற்றவர்கள் எழுந்து போகும்போது நான் பெஞ்சிலேயே குனிந்து உட்கார்ந்திருக்கிறேன், முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன், இந்த வயதில் அது ஒரு வசதி, எதற்கும் முழங்காலைச் சொல்லலாம்.

திரை அணைந்துவிட்டது, மவுஸை அசைத்தால் அதே சிவப்பு. குப்பைத்தொட்டியில் போட்டுவிட வேண்டியதுதான். அதுவும் ஒரு வேடிக்கை, மொத்தம் நூற்றைம்பது சரியாக இருக்கிறது, உள்ளே எல்லாம் கோணல், எங்கள் வீடு மாதிரி. வெளியே பார்த்தால் எட்வின் சார் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூன்றாவது பெஞ்சு, ராத்திரி ஒன்பதுக்குக் குடும்ப ஜெபம். ஜெபத்தில் வாசிக்கிறது நான், எந்தச் சங்கீதம் என்று சொல்கிறது அவள், அது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். எண் சொல்லுமுன் அவள் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொள்வாள், பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி, பார்த்து உறுதி பண்ணிக்கொண்டுதான் வாயைத் திறப்பாள். என்னடி, முப்பது வருஷமா வாசிக்கிறோம், இன்னும் எண் மனசில் நிற்கவில்லையா என்று கிண்டல் பண்ணுவேன். சிரிப்பாள். எதற்கும் சிரிப்பாள், அதுதான் அவளிடம் பிரச்சினை, எது சிரிப்பு எது சிரிப்பு இல்லை என்று கண்டுபிடிக்க முடியாது. மணப்பாட்டுப் பக்கத்துக் கடற்கரைக்காரி, ஆர்.சி. என்கிற கத்தோலிக்கக் குடும்பம், நாங்கள் புராட்டஸ்டண்ட், பாலிடெக்னிக் நூலகத்தில் வேலைக்கு வந்தவள், நான் புத்தகம் எடுக்கிற சாக்கில் போய்ப் போய்க் காலைத் தேய்த்துக்கொண்டேன். எங்கள் சபையில் சேர்ந்தால்தான் கல்யாணம் என்றது என் வீடு, வீடு என்ன வீடு, நான்தான் சொன்னேன், எனக்கு வீட்டின் மேல் பழி போடுவது வசதியாக இருக்கிறது. சேர்ந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை கோயில் கேட்டுக்கு வெளியே நின்று கழுத்தில் கிடந்த உத்தரியத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். மாதா படம் தைத்த சின்னத் துணி, கயிற்றில் கோத்தது. அதை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. ஆண்டவர் என்று சொல்லமாட்டாள், எங்களைப்போலக் கர்த்தர் என்பாள். பூசை என்று ஒரு நாள்கூட வாய் தவறவில்லை, ஆராதனைதான். எவ்வளவு நன்றாக மாறிவிட்டாள் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வேன்.

போன். ஜெனிஸ்டன்தான், வேறு யார் கூப்பிடப் போகிறார்கள். 'சார், சாப்டாச்சா?' ஆச்சு. 'அந்தச் சங்கீத ஃபைல் பாத்தீங்களா சார், எப்படி இருக்கு?' குப்பை, தூக்கித் தூரப் போடு, ஒன்பதிலிருந்து எல்லாம் தப்பு என்றேன். 'திறந்து வாசிச்சீங்களா சார்?' இதை அவன் மரியாதையோடுதான் கேட்டான், எனக்குத்தான் சுருக்கென்றது, எண்ணிக்கையே தப்புங்கும்போது வாசிக்க என்னடே இருக்கு என்று எரிந்துவிழுந்தேன். அவன் சிரித்தான். 'சார், அது தப்பு இல்ல சார், நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். அது ஆர்.சி. பாடம், பழசு. அவங்க பழைய எண் வேற. நம்ம ஒம்பதும் பத்தும் அவங்களுக்கு ஒரே சங்கீதம், அதனால அங்கேருந்து எல்லாம் ஒண்ணு கம்மியாப் போகும், கடைசிகிட்ட வெட்டி ஒட்டி நூத்தம்பதைச் சரிபண்ணிருவாங்க. இப்ப புதுசுல நம்ம எண்ணுக்கே வந்துட்டாங்க, அந்தக் காலத்து ஆளுங்களுக்கு மட்டும் பழைய எண்தான் மனப்பாடம்.' சரி என்றேன். 'இப்ப நம்ம மேய்ப்பன் சங்கீதம் இருக்குல்லா சார், இருபத்திமூணு, அது அவங்களுக்கு இருபத்திரெண்டு.' சரி என்றேன். சரி என்று சொன்னது நான்தான், என் வாய்தான். அவன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான், ஓர் அட்டவணை போட்டால் போதும், இந்த எண்ணுக்கு இந்த எண் என்று, ஆர்.சி. பெரியவங்களும் நம்ம செயலியை எடுத்துக்குவாங்க, கடற்கரைப் பக்கம் நிறைய ஆள் இருக்காங்க சார், பாடமும் கிடைச்சிருச்சு, பூட்டும் இல்ல, கர்த்தர் வழி திறந்துட்டாரு சார் என்கிறான். சார்? லைன்ல இருக்கீங்களா சார்? பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

இருக்காது. அப்படி இருக்காது. முப்பத்திரண்டு வருஷம் எங்கள் கோயிலில் உட்கார்ந்தவள், ஞாயிற்றுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மேய்ப்பன் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவள், அது இருபத்திமூன்று என்று அவளுக்குத் தெரியாதா. தெரியும். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். ஐயோ, புரட்டிப் பார்த்தால். கல்யாணமான புதிதில் ஒரு ராத்திரி, மலைகளைப் பார்த்துக் கண்ணைத் தூக்குகிற சங்கீதத்தைக் கேட்டாள், எண் ஒன்று குறைத்துச் சொல்லிவிட்டாள், நான் விழுந்து விழுந்து சிரித்தேன், உங்க ஆளுகளுக்கு மெழுகுவத்தி ஏத்தத் தெரியும், வேதம் எங்கடி தெரியும் என்றேன், அவளும் சிரித்தாள், மறுநாளிலிருந்து புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தாள். மறதி இல்லை அது. முப்பத்திரண்டு வருஷமும் அவளுக்குள் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்து எண்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, ஒவ்வொரு ராத்திரியும் அதை என் எண்ணுக்கு மாற்றி மாற்றித்தான் சொல்லியிருக்கிறாள், நான் சிரித்துவிடக் கூடாது என்று. ஆஸ்பத்திரியில் கையில் புத்தகம் இல்லை. தொண்டையில் குழாய், காய்ச்சல், பாதி நினைவு, அந்த நேரத்தில் எந்த எண் வரும். சின்ன வயதில் படிந்ததுதான் வரும். மேய்ப்பனைக் கேட்டிருக்கிறாள். பசும்புல்லையும் அமர்ந்த தண்ணீரையும் கேட்டிருக்கிறாள், இருட்டுப் பள்ளத்தாக்கில் பயப்படாதே என்று நான் சொல்லவேண்டும் என்று கேட்டிருக்கிறாள், அவ்வளவு சந்தோஷமாக ஆமாம் சொன்னாளே, நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடவுள் உன்னைக் கைவிட்டுவிட்டார் என்று அவள் முகத்துக்கு நேரே வாசித்திருக்கிறேன். நல்ல குரலில். மூன்று நாளும்.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டும் அல்லவா, அவள் கைவிடப்பட்டவளாகச் சாகவில்லை, நம்பிக்கையோடுதான் இருந்தாள், அந்த ஐயர் சொன்னது சரிதான், இத்தனை மாதம் என்னை அரித்தது ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அவள் கேட்டது கிடைக்காமல் போனாள். கேட்டாள், கேட்டாள், கிடைக்கவில்லை, கடைசியில் விட்டுவிட்டாள். அந்த மூன்றாம் நாள் அழுத்தம், போதும் என்று நினைத்தேன், நன்றி என்றுகூட நினைத்தேன், அது, சரி விடுங்க, நீங்க வாசிக்கிறதையே வாசிங்க என்பதுதான், முப்பத்திரண்டு வருஷமும் அவள் எனக்குச் சொன்னது அதுதான். செலஸ்டி, ஒரு விரல் கூடுதலாகக் காட்டியிருக்கக் கூடாதா, இரண்டு, மூன்று என்று காட்டினால் தீர்ந்ததே, பாவி மட்டை எனக்கு அதுவாவது விளங்கியிருக்குமே. அவள் எப்படிக் காட்டுவாள், அவளுக்கு அது இருபத்திரண்டு. அவளுடையது அது. நான் கழற்றச் சொன்னதையெல்லாம் கழற்றிப் பைக்குள் போட்டவள் இந்த ஒன்றைக் கழற்ற முடியாமல் வைத்திருந்தாள். கோப்பைத் திறக்கிறேன், கை தானாகவே போகிறது, இருபத்திரண்டு, ஆண்டவர் என்கிறது, ஆயன் என்கிறது, எனக்குப் பழக்கமில்லாத சொற்கள், நாக்கு ஒட்டிக்கொள்கிறது, முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் யாருமே சொல்லவில்லையா எனக்கு. யாருக்குமா தோன்றவில்லை. தோன்றியது. இரண்டாம் நாள், அந்த நர்ஸ் பெண், கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை, கழுத்தில் உத்தரியக் கயிறு தெரியும், ஊசியைச் சரிபண்ண வந்தவள் செலஸ்டியின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். 'அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க, அம்மா கேக்கது இது இல்லையோன்னு தோணுது' என்றாள். நான் கைபேசியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. 'முப்பத்திரெண்டு வருஷமா இவகூட இருக்கேன், இவ என்ன கேக்கான்னு எனக்குத் தெரியும், நீ போம்மா' என்றேன்.